பெர்சுவேஷன் நாவலைத் திரைக்கதை ஆக்குவது: ஃபிளாஷ்பேக்கும் வாய்ஸ் ஓவரும் இல்லாமல் முடியுமா?

இரண்டாம்வரைவு (கேள்வி)

வணக்கம். ஜேன் ஆஸ்டினின் பெர்சுவேஷன் நாவலைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம், களம் எதையும் மாற்றவில்லை; 1814-15 இங்கிலாந்துதான். 110 பக்கத்துக்குள் முடிய வேண்டியது, முதல் வரைவு 148 பக்கத்தில் நிற்கிறது.

நாவல் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1806இல் ஆன் எலியட்டுக்கு 19 வயது. கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதிக்கிறாள். தாய் ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸல் எடுத்துச் சொல்லிச் சொல்லியே அந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுகிறார். எட்டு ஆண்டு கழித்து, போர் ஓய்ந்து, 25,000 பவுண்டு சம்பாத்தியத்தோடு அவன் வருகிறான். அவளுக்கு 27, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா சர் வால்டர் கடன் தாங்காமல் கெல்லிஞ்ச் மாளிகையை வாடகைக்கு விட, குடிவருவது வென்ட்வொர்த்தின் அக்காவும் அவர் கணவர் அட்மிரல் கிராஃப்ட்டும்.

சிக்கல் மூன்று இடத்தில். நாவல் முழுக்க அவள் மனசுக்குள்ளேயே நடக்கிறது. 1806க்கு 14 பக்கம் ஃபிளாஷ்பேக் எழுதினேன். அதற்குப் பிறகு வரும் காட்சிகள் எல்லாம் சப்பென்று ஆகின்றன. அதை எடுத்துவிட்டு வாய்ஸ் ஓவர் போட்டால் படம் முழுக்க அவள் தன்னைத்தானே விளக்கிக்கொண்டிருக்கிறாள். அடுத்தது வென்ட்வொர்த் அவளுக்கு எழுதும் கடைசிக் கடிதம்: ஒருத்தி காகிதம் படிப்பதை எப்படிக் காட்சி ஆக்குவது? பிறகு ஆன் எலியட்டின் பள்ளித் தோழி திருமதி ஸ்மித். சர் வால்டரின் வாரிசும் ஆனை மணக்க விரும்புபவனுமான மிஸ்டர் எலியட்டின் பழைய வண்டவாளத்தை அவர் சொல்லும் காட்சி மட்டும் ஒன்பது பக்கம். எடுத்தால் அந்த ஆளின் சாயம் எப்படி வெளுக்கும்?

பக்கத்துக்குநிமிடம்

ஃபிளாஷ்பேக்கைத் தூக்கியது நல்ல முடிவு. திரும்பக் கொண்டுவராதீர்கள். இருவரும் எட்டு ஆண்டு கழித்து முதன்முதலாக எதிரெதிரே வரும் காட்சிக்கு ஆஸ்டின் ஒதுக்குவது ஒரே ஒரு பத்தி. பார்வை பாதி சந்திக்கிறது, அவன் தலைதாழ்த்துகிறான், அவளும் வணங்குகிறாள், அவன் அவள் தங்கை மேரியிடம் மரியாதைக்கு ஏதோ பேசுகிறான், மேரியின் கணவன் சார்லஸ் மஸ்குரோவ் ஜன்னலில் தலைகாட்டுகிறான், எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். 1806இல் இவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று நாம் பார்க்காததால்தான் இந்த ஒரு நிமிடம் கனக்கிறது. பார்த்திருந்தால் அதையும் இதையும் ஒப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். பார்க்காததால் இரண்டு முகத்திலும் தேடுகிறோம். உங்கள் படத்தின் முதல் ஒரு மணி நேரம் ஓடுவது அந்தத் தேடலில்தான்.

பழைய கதையைச் சொல்லும் வசனங்கள் நாவலிலேயே இருக்கின்றன, யாரும் கதை சொல்வதாகத் தெரியாமல். வயதுக்கு ஒரு இன்சர்ட் (பொருளின் நெருக்கக் காட்சி) போதும்: சர் வால்டர் ஓயாமல் புரட்டும் பிரபுக்கள் வம்சாவளிப் புத்தகத்தில் அச்சடித்த வரி, ஆன், பிறப்பு ஆகஸ்ட் 9, 1787.

அடுத்தது ஆறாம் அத்தியாயம். இதை எழுதும்போது அவசரப்படாதீர்கள். திருமதி கிராஃப்ட் பேச்சோடு பேச்சாக, "என் சகோதரன் முன்பு இந்தப் பக்கம் இருந்தபோது அவனுக்குப் பழக்கமானது உங்கள் அக்கா இல்லை, நீங்கள்தானாமே" என்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆன் எலியட் பதில் சொல்வதற்குள் அடுத்த வரி வருகிறது: அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே, கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்கும் பிறகுதான், பேசப்படுவது பாதிரியாராக இருந்த இன்னொரு சகோதரன் எட்வர்ட் என்று புரிகிறது. இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் வெட்டாதீர்கள். கேமரா ஆன் எலியட் மேலேயே இருக்கட்டும், திருமதி கிராஃப்ட்டின் குரல் மட்டும் வெளியிலிருந்து வரட்டும், கல்யாணச் செய்திக்குப் பின் மூன்று நான்கு விநாடி விடுங்கள். ஒருவன் இருந்தான், இவள் மறக்கவில்லை, இந்த அறையில் யாருக்கும் அது தெரியாது என்ற மூன்றும் முக்கால் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் 14 பக்கத்தின் வேலை முடிந்தது.

எட்டாம் அத்தியாயத்துச் சாப்பாட்டு மேசை அடுத்தது. சார்லஸின் தங்கைகளான மஸ்குரோவ் பெண்கள் கடற்படைப் பட்டியலைப் புரட்டி வென்ட்வொர்த்தின் கப்பல்களைத் தேடுகிறார்கள். அவன் பேச்சுவாக்கில் "ஆறாம் ஆண்டு நான் கடலுக்குப் போவதற்கு முன்" என்கிறான், அதாவது 1806. மேசையைச் சுற்றி இத்தனை பேர் இருந்தும் அந்த ஆண்டின் அர்த்தம் தெரிந்தவர்கள் இருவர்தான். இங்கே பெரும்பாலும் செய்யும் தவறு, சொல்லும்போது அவனை அவள் பக்கம் ஒரு பார்வை பார்க்க வைப்பது. நாவலில் அவன் குரல் தடுமாறுவதில்லை, கண்ணும் அவள் பக்கம் வருவதில்லை. அவன் பார்த்துவிட்டால் அது குத்தல் ஆகிவிடும். பார்க்காமல் சொன்னால் அவளுக்கு அவன் மனம் தெரியவே தெரியாது. நமக்கு அதுதான் வேண்டும்.

முடிச்சைப் பத்தாம் அத்தியாயத்து வேலிக்காட்சி போடுகிறது. வேலியோரம் ஆன் எலியட் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் வென்ட்வொர்த்தும் சார்லஸின் தங்கை லூயிஸாவும். அவன் ஒரு கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இலையுதிர்காலப் புயல் அத்தனையையும் தாங்கி நின்றது இது என்று உறுதியைப் புகழ்கிறான். லூயிஸா, சார்லஸ் முதலில் மணக்கக் கேட்டது ஆன் எலியட்டைத்தான், அவள் மறுத்துவிட்டாள், லேடி ரஸல் சொல்லித்தான் மறுத்திருப்பாள் என்று வீட்டில் பேச்சு என்கிறாள். ஒரு சின்ன மௌனம். அவன், எப்போது நடந்தது என்று கேட்கிறான். லேடி ரஸலின் பிடி, இவளுடைய மறுப்பு, அவனுக்குத் தணியாத ஆவல் எல்லாமே பார்வையாளனுக்கு ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

இனி பக்கக் கணக்கு. நாவல் 24 அத்தியாயம், இரண்டு பாகம், பாகத்துக்குப் பன்னிரண்டு. லைம் துறைமுகத்துக் கல்மதிலில் லூயிஸா குதித்து விழுவது பன்னிரண்டாம் அத்தியாயம், அதாவது ஆஸ்டினே அதைச் சரிபாதியில் வைத்திருக்கிறார். உங்களுக்கும் அது 55 முதல் 58ஆம் பக்கத்துக்குள் விழ வேண்டும். கெல்லிஞ்சுக்கு 10, மஸ்குரோவ் குடும்பத்து ஊரான அப்பர்கிராஸுக்கு 32, லைமுக்கு 16, மீதி 52 பாத் நகரத்துக்கு. கெல்லிஞ்சில் கடன் கணக்கு பேசவே வேண்டாம். சர் வால்டரின் உடைமாற்றும் அறையில் நிலைக்கண்ணாடிகளைக் காட்டுங்கள். அட்மிரல் அவற்றை அப்புறப்படுத்தியதாக 13ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதே கோணத்தில் வெற்றுச் சுவரை ஒருமுறை காட்டினால் வீடு கைமாறிய கதை முடிந்தது.

வாய்ஸ் ஓவர் பற்றி: 2022 நெட்ஃபிளிக்ஸ் படத்தில் கதாநாயகி கேமராவைப் பார்த்தே பேசுகிறாள். அவளுக்கு மனம்விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அந்த ஆள் நாம்தான் என்று ஆகிறது. ஆனால் இந்தக் கதையில் அவள் வேதனையே, சொல்ல ஒருவரும் இல்லை என்பது. அதனால் அந்த உத்தி இந்த நாவலுக்கு ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து.

ஒலிமேசை

மேலே சொன்ன இடங்களை இன்னொரு தடவை பாருங்க. கல்யாணச் செய்தி, ஆறாம் ஆண்டு, வேலிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு: எல்லாமே காதுல விழுற இடங்கள். இந்தக் கதையை நகர்த்துறதே யார் பேச்சு யார் காதுல விழுதுங்கிறதுதான். பத்தாம் அத்தியாயத்துல அவன் பேசுறது அவளுக்குக் கேக்குது. இருபத்துமூணாம் அத்தியாயத்துல அவ பேசுறது அவனுக்குக் கேக்குது. கடிதத்தோட முதல் வாக்கியமே, இனியும் பேசாம கேட்டுக்கிட்டு இருக்க முடியலங்கிறதுதான்.

நமக்கு இது பழகின விஷயம். குறுந்தொகைப் பாட்டுகளோட "தலைவன் சிறைப்புறமாக" அப்படின்னு ஒரு குறிப்பு வரும். தலைவி தோழிகிட்ட பேசுவா, ஆனா பேச்சு போய்ச் சேர வேண்டியது வேலிக்கு வெளியில நிக்கிறவன் காதுக்கு. ஒரே வித்தியாசம், ஆன் எலியட் தெரிஞ்சு பேசல. அவனுக்குக் கேட்டிருக்காதுன்னே நினைக்கிறா. நடிக்கிறவங்ககிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க, அவனுக்குக் கேக்கட்டும்னு ஒரு வரி பேசினாக்கூடக் காட்சி போயிடும்.

இப்ப ஒயிட் ஹார்ட் விடுதி அறை. உங்க கடிதப் பிரச்சினைக்குத் தீர்வு கடிதத்துல இல்ல, அதுக்கு முந்தின ஏழு நிமிஷத்துல இருக்கு. அறைக்குள்ள மூணு பேச்சு மையம் இருக்கு. ஒரு பக்கம் சார்லஸோட அம்மா திருமதி மஸ்குரோவும் திருமதி கிராஃப்ட்டும். தனி மேசையில வென்ட்வொர்த், எல்லாருக்கும் கிட்டத்தட்ட முதுகு காட்டி எழுதுறான். ஜன்னல்கிட்ட வென்ட்வொர்த்தோட கடற்படை நண்பர் ஹார்வில்லும் ஆன் எலியட்டும். பேனாவை, அதாவது இறகுப் பேனா காகிதத்துல கீறுற சத்தத்தை, நாலாவது பாத்திரமா வச்சு எழுதுங்க. திரைக்கதையிலேயே எழுதுங்க, ஒலிக்கலவை மேசைக்கு விட்டுடாதீங்க.

அந்தக் கீறல் முதல்ல ஒரே சீரா ஓடணும், காது அதை மறந்துபோற அளவுக்கு. திருமதி கிராஃப்ட், எப்ப கல்யாணம் ஆகும்னே தெரியாம நிச்சயம் பண்ணி வைக்கிறது தப்புன்னு பேசுறப்ப கீறல் நிக்குது. நாவல்லயும் அங்கதான் நிக்குது. அவன் தலை நிமிருது, ஒரு கணம் அவளைத் திரும்பிப் பாக்குறான். மறுபடி ஓடுது. அப்புறம் ஹார்வில், இறந்துபோன தன் தங்கச்சிக்கு நிச்சயமாகியிருந்த பென்விக் அவளுக்காக வரையச் சொன்ன தன் சின்ன ஓவியம், இப்ப அவர் கட்டிக்கப்போற லூயிஸாவுக்குச் சட்டம் போடப் போகுதுன்னு வருத்தப்படுறார். ஆணா பெண்ணா யாருக்கு மறதி சீக்கிரம்னு வாதம் தொடங்குது. நடுவுல பேனா கீழ விழுது. அப்பத்தான் அவன் தான் நினைச்சதை விடப் பக்கத்துல இருக்கான்னு அவளுக்குத் தெரியுது. ஹார்வில் "முடிஞ்சுதா" ன்னு கேக்க, "இன்னும் சில வரி, அஞ்சு நிமிஷம்" ங்கிறான். இதுக்கப்புறம் வர்ற கீறல் வேகமா, விட்டுவிட்டு வரணும். அவன் வேற கடிதம் எழுதுறான்னு பார்வையாளருக்குக் காது வழியாத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

தப்பு நடக்கிற இடங்கள். ஒண்ணு, அவன் முகத்துக்கு வெட்டி ரியாக்‌ஷன் காட்டுறது. அந்த ஒரு திரும்பின பார்வை தவிர அவன் முகம் வேண்டாம்; முதுகு, தோள், கை போதும். முகத்தை முன்னாடியே கொடுத்துட்டா, கையுறைக்காகத் திரும்ப வர்றப்ப கொடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. இரண்டாவது, குரல் அளவு. நம்பிக்கை போன பிறகும் அதிக நாள் நேசிக்கிறது எங்க பாக்கியம்னு அவ முடிக்கிறப்ப குரல் அடங்கிப்போகுது. "உங்க குரல் தாழ்ந்தாலும் மத்தவங்களுக்குக் கேக்காத அந்தத் தொனி எனக்குக் கேக்குது" ன்னு கடிதத்துலயே வரி இருக்கு. கலவையில எல்லா வசனத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிட்டா இந்த வரி பொய்யாயிடும். பெரியவங்க பேச்சு அவ பேச்சை விட ஒரு படி மேல இருக்கட்டும், கடைசி வரியில அதைத் தணிக்காதீங்க. பார்வையாளர் முன்னால சாஞ்சு கேக்கணும். இதுக்கு மூணு மையத்தையும் தனித்தனி மைக்ல, தனித்தனி டிராக்ல பதிவு பண்ணணும். பெரியவங்க பேச்சைத் தனியா முழுசா ஒரு தடவை வைல்டா, அதாவது கேமரா ஓடாம குரல் மட்டும், எடுத்துவைங்க. ஆள் எல்லாரும் அறைக்குள்ள இருக்கும்போதே ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையோட சத்தம். பேனாச் சத்தத்தை ஃபோலியில, அதாவது பின்னால ஸ்டூடியோவுல சத்தம் உண்டாக்கிப் பதியுறப்ப, நிஜ இறகும் பருத்தி நார்க் காகிதமும் வச்சு எடுங்க. ஸ்டீல் நிப் சத்தம் உலோகமா கேக்கும், காலத்துக்கும் பொருந்தாது.

2007 தொலைக்காட்சிப் படத்துல இந்த ஆண்-பெண் வாதத்தைத் தூக்கி முன்னாடியே லைம்ல ஒரு சாப்பாட்டு மேசையில வச்சுட்டாங்க. அதனால கடிதம் எதுக்குப் பதில்னு தெரியாமப்போகுது. அந்த வேகத்தைக் கொண்டுவர அவ பாத் தெருவெல்லாம் ஓட வேண்டியிருக்கு. காரணத்தை ஒயிட் ஹார்ட்லயே வச்சா ஓட்டம் தேவையில்ல.

படிக்கிற காட்சிக்கு: மூலத்துல இருநூறு சொல்லுக்கு மேல. முழுசா வேண்டாம். முதல் வாக்கியம், குரல் தாழுற வரி, பாதி வேதனை பாதி நம்பிக்கைங்கிற வரி, அப்புறம் கடைசியில இருக்கிற கெடு. கெடுவை விட்டுடாதீங்க: ஒரு சொல், ஒரு பார்வை போதும், இன்னைக்கு ராத்திரி உங்க அப்பா வீட்டுக்கு வர்றதா, இல்ல என்னைக்குமே வராம இருக்கிறதான்னு முடிவாயிடும். இதுதான் கடிதத்தைச் செயலா மாத்துது. அவ உடனே அவனைப் பாத்தாகணும், ஆனா முகம் வெளுத்துப்போனதைப் பாத்துச் சார்லஸ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். தெருவுல வென்ட்வொர்த் பின்னாலிருந்து வந்து சேர்ந்துக்கிறான். சார்லஸுக்குத் துப்பாக்கி செய்றவன்கிட்ட ஒரு வேலை இருக்கு, அவளை அவன்கிட்டயே ஒப்படைச்சிட்டுப் போயிடுறான். இதுல ஒரு ஷாட்கூடச் சேர்க்க வேண்டியதில்ல, எல்லாம் புத்தகத்துல இருக்கு.

இரண்டாம்வரைவு

இருவருக்கும் நன்றி. பேனாவைப் பாத்திரமாக வைத்து அந்த ஏழு பக்கத்தை மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன். திருமதி ஸ்மித்தை மொத்தமாக வெட்டிவிடலாமா? அதோடு, கையெழுத்துப் பிரதியில் வேறு முடிவு இருப்பதாகப் படித்தேன். அதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா?

கத்தரிப்பு

திருமதி ஸ்மித்தை வெட்ட வேண்டாம், அவர் சொல்லும் கதையை வெட்டுங்கள். மிஸ்டர் எலியட்டைப் பற்றிய சாட்சியம் 21ஆம் அத்தியாயத்தில் பழைய கடிதத்தோடு வருகிறது. ஆனால் 17ஆம் அத்தியாயத்திலேயே ஆன் எலியட் அவனை எடைபோட்டு முடித்துவிட்டாள்: அறிவாளி, நாகரிகமானவன், ஆனால் மனம் திறந்தவன் இல்லை. யாரிடமும் எப்போதும் ஒரே மாதிரி இனிமையாக இருக்கிறான், அதுதான் உறுத்துகிறது. இந்தத் தீர்ப்பு அவளுடையதாகவே இருக்கட்டும். மற்றவர் பேச்சைக் கேட்டு ஒரு தடவை வாழ்க்கையைத் தொலைத்தவள், இரண்டாம் தடவை யாரும் சொல்லாமலே சரியாக முடிவெடுக்கிறாள் என்றால் கதைக்கு அது எவ்வளவு பெரிய பலம். நாவலில் சாட்சியம் பின்னால் வந்து இவள் கணிப்பை உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். திரையில் அதற்கு இடமில்லை.

திருமதி ஸ்மித் வேண்டியது வேறொரு காரணத்துக்கு. உயர்குடி உறவினர் லேடி டால்ரிம்பிள் வீட்டு அழைப்பை மறுத்துவிட்டு, நோயாளித் தோழியைப் பார்க்க வெஸ்ட்கேட் கட்டடத்துக்குப் போகிறேன் என்று ஆன் எலியட் அப்பாவிடம் சொல்லும் இடம். படத்தில் அவள் வீட்டாரிடம் முதன்முதலாக "மாட்டேன்" என்று சொல்வது அதுதான். ஒன்றரைப் பக்கம் போதும், ஸ்மித்துக்கு நான்கைந்து வசனம். உங்களுக்கு ஏழு பக்கத்துக்கு மேல் மிச்சம்.

மிஸ்டர் எலியட்டின் வேலை பொறாமையைக் கிளப்புவது. அதற்கு லைமில் கடற்கரைப் படிக்கட்டை நன்றாக எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒருவன் வழிவிட்டு நின்று ஆன் எலியட்டை ஒரு கணம் வியந்து பார்க்கிறான். அதை வென்ட்வொர்த் கவனிக்கிறான். பிறகு அவனும் அவளைப் பார்க்கிறான். அந்நியனின் பார்வை, அதைக் கண்ட வென்ட்வொர்த், பிறகு அவன் கண்ணில் அவள். இந்த வரிசை மாறக் கூடாது. இன்னொருவன் கண் வழியாகத்தான் பழைய ஆன் எலியட் அவனுக்குத் திரும்பத் தெரிகிறாள். வசனமே வேண்டாம்.

கையெழுத்துப் பிரதி பற்றி: ஆஸ்டின் 1816 ஜூலையில் ஒரு முடிவு எழுதினார், அது பிடிக்காமல் ஆகஸ்டில் மாற்றி எழுதினார். தள்ளிவைத்த அத்தியாயங்களின் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பழைய முடிவில் அட்மிரல் வீட்டில், அட்மிரல் சொல்லி அனுப்பியதாக வென்ட்வொர்த்தே வந்து, நீங்கள் மிஸ்டர் எலியட்டை மணந்து கெல்லிஞ்சுக்கு வருவதாக இருந்தால் நாங்கள் காலிசெய்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவள் இல்லை என்கிறாள், சேர்ந்துவிடுகிறார்கள். காட்சி நன்றாகவே இருக்கும், ஆனால் கேள்வி கேட்பது அவன், பதில் சொல்வது மட்டும் அவள். மாற்றி எழுதியதில் அவள் தானாகப் பேசுகிறாள், அவன் அசைகிறான். 1995 பிபிசி படம் இந்தத் தூதுக் காட்சியை முன்னால் வைத்து, முழுப் பதில் வருவதற்குள் முறித்து, கடிதத்தையும் பின்னால் வைத்துக்கொண்டது. அங்கே அது எடுபடுகிறது. 110 பக்கத்தில் உங்களுக்கு இரண்டுக்கும் இடம் இருக்காது. வைத்தால் ஒன்றேகால் பக்கத்துக்கு மேல் போகாமல், அவன் கேள்வியின் பாதியிலேயே வெட்டுங்கள்.

கலைப்பொருள்

திரைக்கதையிலேயே விதைத்துவிட வேண்டிய பொருள்கள் சில உண்டு. பின்னால் கலைத்துறை சரிசெய்துகொள்ளும் என்று விட்டால் படப்பிடிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒயிட் ஹார்ட்டில் கடிதம் ஒன்றல்ல, இரண்டு. ஹார்வில்லுக்காக எழுதியது ஒன்று, அவளுக்கு எழுதியது மற்றது. முதலாவதை அவன் அரக்கு வைத்து முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டாவது சிதறிக்கிடக்கும் தாள்களுக்கு அடியில் அவசரமாக மடித்தது, மேல்விலாசம் சரியாகப் படிக்கவே முடியாத கிறுக்கல். இரண்டுக்கும் ஒரே காகித நிறம் கொடுத்தால் எது எது என்று பார்வையாளர் குழம்புவார்கள். ஒன்றைச் சிவப்பு அரக்கோடும் மற்றதை அரக்கே இல்லாமலும் வையுங்கள். அக்காலத்தில் உறை கிடையாது; தாளையே மடித்து வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். மடிப்புக்கோடு ஒரே டேக்கில் கெட்டுப்போகும், அதனால் ஒரே கையெழுத்தில் குறைந்தது பன்னிரண்டு பிரதி. எழுதும் கையின் குளோஸப்புக்கு எழுத்துக்கலை தெரிந்தவரின் கையை வைத்துக்கொள்ளுங்கள். நடிகர் வலதுகையா இடதுகையா என்று முன்னாலேயே கேளுங்கள்.

கையுறையை மறந்துவிட்டேன் என்று சொல்லித்தான் அவன் திரும்பி வருகிறான். அந்தக் கையுறை காட்சியின் முதல் வைட் ஷாட்டிலேயே மேசை ஓரத்தில் இருக்க வேண்டும்.

நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அக்காலத்தில் முறைகேடு. இது தெரியாவிட்டால் அவன் செய்த துணிச்சல் இன்றைய பார்வையாளருக்கு உறைக்காது. விளக்க வசனம் வேண்டாம். முன்னால் எங்காவது ஒரு பெண் யாருக்கு எழுதுகிறாள் என்று மற்றவர்கள் எட்டிப்பார்க்கும் ஒரு சின்ன அசைவு போதும்.

லூயிஸா விழும்போது ரத்தம் வேண்டாம். காயமில்லை, ரத்தமில்லை, கன்றிப்போன தடம்கூட இல்லை என்று நாவல் சொல்கிறது. மூடிய கண்ணும் வெளுத்த முகமும் மட்டுமே. ஒப்பனைக்காரர் பழக்கத்தில் நெற்றியில் சிவப்பு வைத்துவிடுவார், தடுத்துவிடுங்கள். ரத்தம் இருந்தால் என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இல்லாததால்தான் அத்தனை ஆண்களும் திகைத்து நிற்க, மருத்துவரைக் கூப்பிடு, இடம் தெரிந்த பென்விக் போகட்டும் என்று ஆன் எலியட் ஒருத்தி மட்டும் யோசித்துப் பேசுகிறாள். வேலிக்காட்சியும் இந்த விழுகையும் நவம்பர், மரங்களில் பச்சை கூடாது.

பக்கத்துக்குநிமிடம்

உரிமை பற்றி யாரும் சொல்லாததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஆஸ்டின் 1817இல் இறந்தார், நாவல் அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. மூல நூலுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் புதிய பதிப்புகளின் அடிக்குறிப்பும் முன்னுரையும் உரிமை உள்ளவை. தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படித்தான், அதன் வரிகளை எடுத்து வசனம் எழுதாதீர்கள், ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே எழுதுங்கள். திரைப்படங்கள் தாங்களாகச் சேர்த்த காட்சிகள் அவரவர் சொத்து. நாவலை ஒருபக்கமும் வரைவை ஒருபக்கமும் வைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் அத்தியாய எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். எண் எழுத முடியாத காட்சி உங்கள் கற்பனையா, எங்கோ பார்த்த படத்தின் நினைவா என்று அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாம்வரைவு

காட்சிகளுக்கு எண் போடத் தொடங்கினேன். ஆறு காட்சிக்கு எண் கிடைக்கவில்லை, அதில் நான்கு போய்விட்டன. கடைசியாக ஒன்று: கல்யாணத்தோடு முடிக்கலாமா?

கலைப்பொருள்

கல்யாணம் வேண்டாம். கதை முடிவது 1815 தொடக்கம். பிப்ரவரி 26 அன்று நெப்போலியன் எல்பாத் தீவை விட்டுக் கிளம்பிவிட்டார், ஜூன் 18 வாட்டர்லூ. நாவலின் கடைசிப் பத்தியே, மாலுமியின் மனைவிக்குப் போர் பற்றிய பயம் என்ற வரி கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறது. 1995 படம் கப்பலில் முடிகிறது. உங்களுக்குக் கப்பல் செலவு கட்டாது, உடை மட்டும் போதும். கரையில் பணியில்லாமல் அரைச்சம்பளத்தில் இருக்கும் அதிகாரி சாதாரண உடையில் நடமாடுவது இயல்புதான், ஆகவே படம் முழுக்க வென்ட்வொர்த்தைக் கடற்படைச் சீருடையில் காட்டாதீர்கள். கடைசிக் காட்சியில் மட்டும், கட்டிலில் விரித்துவைத்த நீலக் கோட்டு, ஆன் அதன் பொத்தான் ஒன்றைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள், வெளியே அவன் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். கோட்டின் தோள்பட்டை அலங்காரத்துக்கு 1812 கடற்படை உடை விதிமுறையைப் பார்த்துத் தைக்கக் கொடுங்கள், அதற்கு முந்தைய காலத்து உடைப் படங்களை மாதிரியாக எடுத்தால் தவறாகிவிடும்.